கூண்டைத் திறந்து விட்டால் போதுமா?

நம்முடைய வீடுகள் பலவற்றில் இந்தக் காட்சியைப் பார்க்கிறோம். ஆசையாகக் கிளி வளர்த்த பெரியவர் மௌத்தாகி விடுகிறார். பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். முன்வாசலில் தொங்கிய கூண்டு அடுப்படிக்குப் பின்புறம் போய்விடுகிறது. யாருக்கு நினைவு வருகிறதோ அவர் நாலு பருக்கை சோற்றைப் போடுகிறார். நினைவு வராத நாளில் அதுவும் இல்லை. ஸலாம் சொல்லப் பழக்கிய அந்தப் பறவை, வருவோர் போவோருக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு, வற்றிய தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னே உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் யாரோ மனமிரங்கி, "நன்மை கிடைக்கட்டும்" என்று கூண்டைத் திறந்து விடுகிறார்கள்.

இது நன்மைதானா என்பதை மார்க்கத்தின் ஒளியில் பார்ப்போம்.

பறவை வளர்ப்பதே பாவம் என்று சிலர் கருதுகின்றனர். அப்படியன்று. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவி வைத்து விளையாடி வந்ததும், அது இறந்தபோது அந்தச் சிறுவரின் வாட்டம் கண்டு நபி (ஸல்) அவர்கள் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) இந்த ஒரே ஹதீஸிலிருந்து 60 படிப்பினைகளைத் திரட்டி ஒரு நூலே எழுதினார்கள். துன்புறுத்தாமல், உணவும் நீரும் கொடுத்துப் பறவையை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உலமாக்கள் இதையே ஆதாரமாகக் காட்டுகின்றனர்.

ஆனால், பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்த பெண்ணின் ஹதீஸையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவள் நரகம் புகுந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் இரண்டு பகுதி கொண்டது. அவள் தானும் தீனி கொடுக்கவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்னும்படி விடவும் இல்லை. ஆக, பிடித்து வைத்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உணவளிப்பது. மற்றொன்று, தானே தேடித் தின்ன விடுவது. இரண்டாவது வழியை இன்னொரு முறை கவனியுங்கள். தேடித் தின்னக்கூடிய பிராணிக்குத்தான் அது வழி. சிறகை வெட்டி, பல வருடம் கூண்டில் வைத்து, கையில் கொடுத்ததையே தின்னப் பழக்கிய கிளிக்கு அந்த வழியை நாமே அடைத்து விட்டோம். கூண்டுக் கதவைத் திறப்பதால் அது திறந்துவிடாது. அப்படி விடப்பட்ட கிளி மதில்மேல் போய் உட்காரும், காக்கைகள் சூழ்ந்து கொத்தும், பூனை காத்திருக்கும். தண்ணீர் எங்கே இருக்கிறது என்றுகூட அதற்குத் தெரியாது. எனவே முதல் வழி ஒன்றே நம்மீது மீதமிருக்கிறது.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜும் இதையே கூறுகிறது. பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் உடைமையாளர் மீது கடமை. அவர் மறுத்தால், உண்ண ஆகுமான பிராணியாயின் தீனி கொடுக்கவோ விற்கவோ அறுக்கவோ அவரைக் கட்டாயப்படுத்த வேண்டும். உண்ண ஆகாததாயின் தீனி கொடுக்க வேண்டும், அல்லது விற்க வேண்டும். கிளி ஷாஃபிஈ மத்ஹபில் உண்ண ஆகாதது. விற்கவோ நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்தியாவில் நம் மரப்பொந்துகளில் வாழும் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றமாகும். ஆகவே கவனிப்பாரற்ற கிளியைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவித்து, பறவைகளைப் பராமரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதே முறை. அண்டை வீட்டாருடையதாயின் முதலில் அவரிடம் இதமாக எடுத்துச் சொல்லுங்கள். கேளாமல் தூக்கி வந்துவிடக் கூடாது. சந்தையில் காசு கொடுத்து வாங்கி "விடுதலை" செய்வோரும் உண்டு. அந்தக் காசில் வியாபாரி அடுத்த பொந்தில் கைவிடுகிறான்!

ஒப்படைக்கும்வரை அது நம்மிடம் உள்ள அமானிதம். முதல் நாள் தொட்டுக் கொஞ்ச வேண்டாம். புகை படாத, ஒருபுறம் சுவர் உள்ள அமைதியான இடத்தில் கூண்டை வையுங்கள். இரண்டு சிறகையும் முழுதாக விரிக்க முடியாத கூண்டானால் மாற்றியே ஆகவேண்டும். வழவழப்பான ஒரே கம்பியில் நின்று நின்று பாதம் புண்ணாகியிருக்கும். கொய்யா, வேம்புக் கிளைகளைப் பல பருமனில் வையுங்கள். அலகுக்கும் வேலை கிடைக்கும். எச்சம் காய்ந்து தூளாகப் பறந்தால் அதிலிருந்து மனிதருக்கு நுரையீரல் காய்ச்சல் தொற்றக்கூடும். தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

உணவு விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பால்சோறும் சூரியகாந்தி விதையும் மட்டுமே தின்ற கிளிக்கு வைட்டமின் ஏ குறைந்து வாயில் வெள்ளைத் திட்டும் மூக்கில் நீரும் வரும். முருங்கைக் கீரை, கேரட், பூசணி, கொய்யா, முளைகட்டிய பாசிப்பயறு ஆகியவை நல்லவை. ஆனால் பழகிய தீனியை ஒரே நாளில் நிறுத்தி விடாதீர்கள். தெரியாத உணவைத் தொடாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகும். பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, சில வாரங்களில் மாற்ற வேண்டும். வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் அதற்கு விஷம். தேநீரும் உப்புப் பண்டமும் ஆகாது. நெஞ்சைத் தடவிப் பார்த்தால் நடு எலும்பு கத்தி முனைபோல் துருத்தி நிற்குமானால் வெகு நாள் பட்டினி என்று பொருள். வளர்ந்த கிளி சுமார் 110 முதல் 140 கிராம் இருக்கும். வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வையுங்கள். நீண்ட அலகை வீட்டில் வெட்டக் கூடாது, இரத்தம் நிற்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பறவை தன் நோயைக் கடைசிவரை மறைக்கும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. கிளி சஜ்தா ஆயத்தை ஓதக் கேட்டால் கேட்டவர் மீது சஜ்தா கடமையாகுமா என்றுகூட ஹனஃபி ஃபுகஹாக்கள் ஆராய்ந்து, கடமையில்லை என்று எழுதி வைத்தார்கள். அது அறிந்து ஓதவில்லை. ஒலியைத் திருப்பிச் சொல்கிறது. அதன் பசிக்கோ சட்டம் வேறு.

வெட்டிய சிறகு, வருடத்திற்கு ஒருமுறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதுதான் திரும்ப வரும். அதன் பிறகும் பறந்து பழக இடம் வேண்டும். தன் இனத்தின் துணை வேண்டும். இவை பராமரிப்பு இடத்தில்தான் கிடைக்கும். ஒப்படைக்கும்போது அது எத்தனை வருடம் கூண்டில் இருந்தது, என்ன தின்னும், எந்தச் சொற்களைப் பேசும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து விடுங்கள். மனிதக் குரலைத் தேடி வரும் கிளியைக் காட்டில் விடலாமா என்று முடிவு செய்ய அவர்களுக்கு அது தேவைப்படும்.