புவனமும் சார்பும்

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்களின் பொருட்டு முதல்வன் மாயையினின்றும் தோற்றுவித்தருளியவை என்பது சைவசித்தாந்தத் துணிபு. இவற்றுள் உடம்பாகிய தனுவைப்பற்றியும் மனம் முதலிய கரணங்களைப்பற்றியும் மாணவர் பலகாலும் எம்மிடம் வினவியதுண்டு. போகம் எல்லாரும் அறிந்தது. புவனத்தைப்பற்றி வினவுவார் அரியர். ஒருவன் பிறந்து வளர்ந்து வாழ்ந்த இடம் அவனுயிரை எவ்வாறு பற்றுகின்றது, எம்மட்டும் பற்றுகின்றது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. ஆசிரியர் தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்து, மக்களின் உணவும் தொழிலும் வழிபடு தெய்வமும் அவற்றின் வழிப்பட்டன என வகுத்தார். நம் மெய்ந்நூல்கள் இதற்குக் காரணமும் உடன் கூறும். உயிர் தனித்து நிற்கும் இயல்பிற்றன்று, சார்ந்ததன் வண்ணமாவது. பளிங்கு செம்மலரின் பக்கத்திற் செம்மையும், நீலமலரின் பக்கத்தில் நீலமும் காட்டும். எனினும் அந்நிறங்கள் பளிங்கின் இயல்பாகா. உயிர்க்கும் அஃதொக்கும்.

இதனை எம் வாழ்க்கையில் வைத்துக் காட்டுதும். யாம் பிறந்தது அரிசிலாற்றங்கரையில் ஒரு சிற்றூர். கோடையில் ஆறு வெறுமணலாய்க் கிடக்கும். மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் எழுந்த பின்னர், நீர் போதிய ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் நாள் அதனைத் திறத்தல் வழக்கமாயிற்று. திறந்த நீர் கல்லணையைக் கடந்து எம்மூர்க்கு வருதற்குச் சில நாட்கள் செல்லும். அந்நாட்களிற் பெரியோர் கரையில் நின்று மேற்கே நோக்கியவண்ணம் இருப்பர். சருகும் நுரையும் முன்னே தள்ளிக்கொண்டு புதுநீர் மணலை நனைத்து வருங்கால், சிறுவராகிய யாங்கள் அதன்முன் ஓடுவேம். பின்னர் நாற்றங்கால், நடவு, குறுவை, சம்பா, தாளடி என ஆண்டு முழுவதும் அந்நீரின்வழியே செல்லும்.

இந்நாட்டு வாழ்க்கை இரண்டு பாடங்களை யாரும் சொல்லாமலே எமக்குக் கற்பித்தது. நம் உணவு நாம் காணாத மலைக்கண் பெய்த மழையால் வருவது என்பது ஒன்று. தலைமடையான் வேண்டுமளவிற்கு மேல் மடையைத் திறந்து வைப்பின் கடைமடையான் பயிர் கருகும் என்பது மற்றொன்று. பிற்காலத்து ஆசிரியர்பால் திருவருளின் இலக்கணத்தைப் பாடங் கேட்டபொழுது, அஃது எமக்கு முன்னரே அறிந்த பொருள்போல் விளங்கிற்று. வாய்க்காலை வெட்டித் தூர் வாருதல் நம் கடன். நீர் வருதல் நம் செயலன்று. இவ்வுணர்வை எமக்கு ஊட்டியது நிலமே.

அற்றேல், நல்ல நிலம் நல்லோரைத் தானே ஆக்கும் போலும் எனின், அன்று. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், அந்நாளைத் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், உழவுத்தொழிலாளர் குடியிற் பிறந்தார் 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் சிறாரும், ஒரு குடிசையுள் எரியுண்டு மாண்டனர். அவர் கேட்டது கூலியில் உயர்வு. காவிரி பாய்ந்த நிலமே அதுவும். யாம் அப்பொழுது மிகவும் சிறியேம். பெரியோர் தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டது மட்டும் நினைவில் உள்ளது. எம் வயலில் உழைத்தவர் மக்கள் எம் திண்ணையில் ஏறாமல் தெருவில் நிற்றலையும், ஆற்றில் நீர் வருதலைப்போல இயல்பென்றே யாம் கொண்டிருந்தேம். இடம் எமக்கு ஏற்றிய வண்ணங்களுள் அதுவும் ஒன்று. அதனை மறைத்து எம் ஊரின் பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

பின்னர்ச் சென்னையில் யாம் ஆசிரியத்தொழில் பூண்டிருந்த காலத்தே, எம் பக்கத்தூரிற் பிறந்த மாணவர் ஒருவர் சிவஞானபோதம் பாடங் கேட்டு வந்தார். புவனத்தைப்பற்றி யாம் விரித்துரைத்த அன்று அவர், "ஐயா, தங்கள் ஊரும் எங்கள் ஊரும் ஒரே வாய்க்காலில் உள்ளவை. கோயிலைத் தாங்கள் உள்ளே நின்று கண்டீர்கள். எங்கள் பாட்டனார் வெளியே நின்று கண்டார். இரண்டும் ஒரே புவனம் ஆகுமா?" என்று வினவினார். யாம் அன்று விடை கூறாது பாடத்தை நிறுத்தினேம். ஆதனூர்த் திருநாளைப்போவாரின் வரலாற்றைப் பன்முறை விரித்துரைத்த எமக்கு, அவ்வினா அதுகாறும் தோன்றாமை பெருநாணம் விளைத்தது.

விடையைத் திருவள்ளுவரிடத்தே கண்டேம். சிற்றினஞ்சேராமை என்னும் அதிகாரத்தில் நாயனார், நீரானது தான் சேர்ந்த மண்ணின் தன்மையால் வேறுபடுதலை எடுத்துக் காட்டுகின்றார். ஆயின் அங்கே நிலம் உவமை, இனமே பொருள். மக்களறிவைத் திரிப்பது அவர் சேர்ந்த கூட்டமே என்பது அவர் கருத்து. ஆகவே நிலம் சடமாய் நின்று இடங்கொடுப்பதன்றி, நன்மை தீமைகளைத் தானே செய்யாது. சேற்றில் நெல்லும் முளைக்கும்; களையும் முளைக்கும். எதனை வளர விடுகின்றேம் என்பது அவ்விடத்து வாழும் கூட்டத்தின் செயல். ஒரே வாய்க்காலின் இருகரையில் வாழ்ந்தோர்க்கும் சார்பு வேறாயின், வண்ணமும் வேறாம்.

இதற்குச் சோழநாட்டு மடங்களின் வரலாறே சான்று. தருமபுர ஆதீனத்தை நிறுவிய குருஞானசம்பந்தர் பாண்டிநாட்டுத் திருவில்லிபுத்தூரிற் பிறந்தவர். ஆரூரிற் கமலை ஞானப்பிரகாசரை அடைந்து ஞானம் பெற்றார். மாபாடியம் அருளிச்செய்து 1785-ஆம் ஆண்டிற் பரிபூரணம் எய்திய சிவஞான முனிவர், பொருநைக்கரை விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றித் திருவாவடுதுறையிற் பயின்றவர். இவர்களை ஈர்த்தது காவிரியின் நெல்லன்று. அங்கிருந்த ஞானாசிரியரும் அடியார் கூட்டமுமே. குமரகுருபரரோ திருவைகுண்டத்திற் பிறந்து, தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகரை ஆசிரியராகப் பெற்று, காசிக்குச் சென்று மடம் அமைத்தார். காவிரிக்கரையிற் பெற்றதனைக் கங்கைக்கரையிலும் விடாதிருந்தமையின், ஊர் மாறியும் அவர் சார்பு மாறிற்றிலது. அம்மடமே பின்னர்த் திருப்பனந்தாளிற் காசிமடமாக விளங்கலாயிற்று.

மெய்கண்ட தேவரும் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் நூற்பாவில், மலம் நீங்கிய ஞானிக்கும் அடியாரொடு கூடுதலையும், திருக்கோயிலை இறைவன் எனவே கண்டு வழிபடுதலையும் விதித்தார். வீடுபேற்றின் விளிம்பில் நிற்பார்க்கும் சார்பு வேண்டும் எனின், நம்மனோர்க்குக் கூறவேண்டுவதில்லை.

இக்காலத்து நம் ஊர்ப்பிள்ளைகள் தொழிலின்பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர். 'ஊரை விட்டால் தன்மையும் போய்விடும்' என முதியோர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் முற்றும் பிழையன்று; ஆயினும் போவாரைத் தடுத்தல் அதற்கு மருந்தாகாது. செல்வோர் இரண்டு செய்க. ஊர் தமக்கு ஏற்றிய வண்ணங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்து, கொள்ளற்பாலன கொண்டு, தள்ளற்பாலன அங்கேயே தள்ளுக. சேர்ந்த ஊரில் முதற்கண் நல்லினத்தைத் தேடுக. ஊரில் இருப்போரோ, கடைமடையானுக்கு நீர் விடுதல்போல, கோயில் வாயிலும் கல்வியும் எல்லார்க்கும் ஒப்பச் சென்று சேர்தலைக் காத்துக்கொள்க.

அம்மாணவர் இன்று தாமும் ஓர் ஆசிரியர். சென்ற ஆடிப்பெருக்கன்று எம்மூர்க்கு வந்து எம்முடன் திண்ணையில் அமர்ந்து, அவ்வினாவை மீண்டும் எழுப்பினார். யாம் மேற்கூறியனவெல்லாம் அன்று அவர்க்குக் கூறிய விடையே.

திருச்சிற்றம்பலம்