கல்வராயன் மலையும் காட்டு மனிதனும்

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே பார்த்தால், வானத்தின் ஓரத்தில் நீலக்கோடு போலத் தெரிவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய இதன் ஒரு பகுதி நமது மாவட்டத்திலும், மற்றொரு பகுதி சேலம் மாவட்டத்திலும் அடங்கும். கடுக்காயும் தேனும் சாமையும் தரும் மலை என்று பெரியவர்கள் இதை அறிவர். சிறுவர்க்கோ மலை என்றாலே கதைதான். அடம்பிடிக்கும் குழந்தையை அடக்கப் பூச்சாண்டியையும் முனியையும் துணைக்கு அழைக்காத தாய்மார் தமிழ்நாட்டில் குறைவு. மலையடிவாரத்தில் வாழ்பவர்களுக்கு அந்தப் பூச்சாண்டியைக் குடிவைக்க ஒரு காடும் பக்கத்திலேயே இருக்கிறது!

உடலெங்கும் உரோமம், மனிதனைப் போல நிமிர்ந்த நிலை, நீண்ட நகங்கள், இருட்டில் கேட்கும் வினோதமான ஓசை. இத்தகைய ஓர் உருவத்தைப் பற்றிய பேச்சு, காடு சூழ்ந்த மலைநாடுகள் பலவற்றில் உண்டு. இமயமலையில் அதற்கு யெட்டி என்று பெயர். மேகாலயாவின் காரோ மலையில் மாண்டே புருங் என்கிறார்கள். இலங்கையில் அது நிட்டேவோ. ஒருவரையொருவர் கண்டறியாத இந்த மக்கள் அனைவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொன்னார்களா? இதுவே நாம் ஆராயப் புகும் கேள்வி.

விடை தேட இமயம் வரை போக வேண்டியதில்லை. நம் மலைக்காட்டிலேயே தொடங்குவோம். கல்வராயன் உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் கரடியைச் சற்று உற்று நோக்குவோமாக. கலைந்த கறுப்புச் சடை. மார்பில் வெளிறிய வளைகோடு. முன்னங்காலில் வளைந்து நீண்ட நகங்கள். ஐயம் ஏற்பட்டால் பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும். அப்போது ஏறக்குறைய ஓர் ஆளுயரம் இருக்கும். குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். இது வேறு எந்தக் கரடியினத்திலும் வழக்கமாகக் காணப்படாத பழக்கம். அந்திநேரத்தில் புதர்மறைவில் இந்தத் தாயைக் கண்டவர், முதுகில் இன்னும் இரண்டு தலைகள் அசைவதையும் கண்டால் என்னதான் நினைப்பார்?

ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதற்கு விருப்பமான உணவு கறையான். மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டு இதற்கு இல்லை. புற்றைத் தோண்டி, மூக்குத்துவாரங்களை மூடிக்கொண்டு, அந்தப் பல்லிடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். அந்த உறிஞ்சொலி நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். நாவல், கொன்றைப் பழங்களும் இலுப்பைப் பூவும் தேனும் அதன் மற்ற உணவுகள். எல்லாக் கரடிகளையும் போலவே உள்ளங்கால் முழுவதும் நிலத்தில் பட நடப்பதால், பின்னங்கால் தடம் வெறுங்காலுடன் நடந்த மனிதனின் தடத்தைப் போலத் தோன்றும். முன்னங்கால் தடத்தின் மேல் பின்னங்கால் பாதி விழுந்துவிட்டாலோ, அரக்கனின் அடியைப் போல நீண்டுவிடும்.

இதைக் கண்டு மிரண்டவர்களைப் படிப்பில்லாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள், தங்கைகளே. 1791-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர், நம் நாட்டுக் கரடியைப் பற்றி எழுதியபோது, அதைக் கரடி என்றே அறியவில்லை. நீண்ட நகங்களைக் கண்டு, தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கும் தேவாங்கு போன்ற சோம்பல் விலங்கின் இனத்தில் சேர்த்துவிட்டார். ஆங்கிலத்தில் இன்றும் அதன் பெயரில் அந்தச் சோம்பல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் முன்னோரோ சங்க காலத்திலேயே எண்கு என்றும் உளியம் என்றும் பெயரிட்டு அதை நன்கு அறிந்திருந்தனர். இராமாயணத்தில் அனுமனுக்கு அவன் ஆற்றலை நினைவூட்டும் சாம்பவானும் கரடிதானே!

இனி இமயத்துக்குப் போவோம். 1921-இல் எவரெஸ்ட் சிகரத்துக்கு வழி காணச் சென்ற குழுவினர், பனியில் பெரிய காலடிகளைக் கண்டனர். உடன் வந்த சுமைதூக்குவோர் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். அதன் ஒரு பகுதிக்கு 'மனிதக் கரடி' என்று பொருள் கூறுவர். கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் இதழுக்கு எழுதிவந்த ஹென்றி நியூமன் என்பவர் அச்சொல்லைத் தவறாக மொழிபெயர்த்து, 'அருவருப்பான பனிமனிதன்' என்று உலகுக்கு அறிமுகம் செய்தார். மலையில் இருந்த கரடி, அச்சில் ஏறும்போது காணாமற் போயிற்று! நம் கருத்தில், இக்கதை முழுவதிலும் கவனிக்கத்தக்க இடம் இதுவே. மலைமக்களின் சொல்லில் பிழை இல்லை. கீழே இருந்து கேட்டவர் அதை மாற்றிவிட்டார்.

அதன்பிறகு பனிமனிதனைத் தேடிப் பல குழுக்கள் புறப்பட்டன. எவரெஸ்டை வென்ற எட்மண்ட் ஹிலாரி 1960-இல் சென்றபோது, கும்ஜுங் கிராமத்தார் போற்றிக் காத்த 'யெட்டியின் தலைத்தோலை' இரவல் பெற்று வெளிநாட்டு அறிஞர்களிடம் காட்டினார். அது மலையாட்டை ஒத்த ஒரு விலங்கின் தோலால் செய்யப்பட்டது என்று தெரிந்தது. 2017-இல் சார்லட் லிண்ட்குவிஸ்ட் என்ற அம்மையாரும் உடனாய்வாளர்களும், யெட்டியினுடையவை என்று சொல்லப்பட்ட எலும்பு, பல், தோல், உரோமம் முதலிய ஒன்பது பொருள்களின் மரபணுவை ஆராய்ந்தனர். எட்டு கரடியுடையவை, ஒன்று நாயினுடையது. சுமைதூக்கிகள் சொன்னதற்கு அறிவியல் வந்து சேர 96 ஆண்டுகள் ஆயின.

இலங்கை நிட்டேவோவின் கதை சற்றே துயரமானது. குள்ளமான, உரோமம் மூடிய, நீண்ட நகங்களையுடைய அவர்களை வேடர்கள் ஒரு குகைக்குள் அடைத்து, வாயிலில் தீமூட்டி அழித்தார்கள் என்று கதை சொல்லும். ஹியூ நெவில் 1886-இல் இதைக் குறித்துவைத்தார். நீண்ட நகத்தைப் பார்த்து, இதுவும் கரடியே என்பார் உண்டு. வேறொரு மனிதக் கூட்டத்தின் நினைவே இவ்வாறு திரிந்தது என்பாரும் உண்டு. இரண்டாவது கூற்று உண்மையானால், பக்கத்தில் வாழ்ந்த மனிதரையே கதை விலங்காக்கிவிட்டது என்றாகும்.

அவ்வாறு நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 1883-இல் லண்டனில் க்ராவோ என்ற சிறுமியை மேடையேற்றிக் காட்டினார்கள். சியாம், லாவோஸ் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட அவளுக்கு வயது ஏறக்குறைய ஏழு. பிறவியிலேயே உடலெங்கும் உரோமம் வளரும் ஒரு குறைபாடு அவளுக்கு இருந்தது. 'குரங்குக்கும் மனிதனுக்கும் இடையே விடுபட்ட கண்ணி இவள்' என்று விளம்பரம் செய்து கட்டணம் வாங்கினார்கள். அந்தச் சிறுமி வளர்ந்து பல மொழிகள் பேசினாள். ஆயினும் வேடிக்கைப் பொருளாகவே வாழ்நாளைக் கழித்து 1926-இல் நியூயார்க்கில் இறந்தாள். நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் அன்று அவளுக்கு.

கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள். மலையை ஆள்பவர் என்பது அச்சொல்லுக்குப் பொருள். கேரளத்தவர் என்று மயங்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிமார் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களது மரபு வரலாறு. அவர்கள் பேசுவதும் தமிழே. அந்த மலையிலிருந்து இறங்கி வந்து விடுதிகளில் தங்கிப் படிக்கும் பெண்பிள்ளைகளைக் 'காட்டாள்' என்று கேலி பேசுவோர் இருக்கிறார்கள். கேலி பேசும் பெண் கரடியைப் படத்தில்தான் பார்த்திருப்பாள். கேலி பேசப்பட்டவளுக்கோ புற்று தோண்டப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தே கரடி வந்து சென்றதைச் சொல்லத் தெரிந்திருக்கும்.

முன்னெல்லாம் வித்தைக்காரர்கள் ஊர் ஊராகக் கரடியை நடத்தி வருவார்கள். பயந்த குழந்தையை அதன் முதுகில் ஏற்றி இறக்குவதும், கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவதும் வழக்கமாக இருந்தன. எது பயமோ அதுவே பயத்துக்கு மருந்து! 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கரடிக்குக் காவலாக உள்ளது. அந்த வித்தையை இன்றைய பிள்ளைகள் பார்க்க முடியாது.

மலைக்குச் செல்வோர்க்குச் சில குறிப்புகள். கரடிக்குக் கண்பார்வை மந்தம், மோப்பமோ கூர்மை. காற்று எதிர்த்திசையில் வீசினால், நாம் அருகில் வரும்வரை அதற்குத் தெரியாது. திடுக்கிட்ட கரடியே பாயும். ஆகவே விறகுக்கும் கடுக்காய்க்கும் போகிறவர்கள் விடியலிலும் அந்தியிலும் தனியே போகாமல், கூட்டமாகப் பேசிக்கொண்டு போக வேண்டும். குட்டியைக் கண்டால் அருகே போகவே கூடாது. வழியில் தடம் தெரிந்தால் குனிந்து பாருங்கள். மனிதக் காலில் பெருவிரல் உட்புறம் தனித்துப் பெரிதாக இருக்கும். கரடியின் ஐந்து விரல்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்கு முன்னே நகம் பதிந்த சிறு குழிகள் இருக்கும். தடம் ஈரமாக இருந்தால் திரும்பிவிடுங்கள்.