நிறைத்தும் நிறையாத கொதிகலன்



விருத்தாசலத்து மே மாத வெயிலில் நின்றுகொண்டு, "வீட்டைச் சூடாக்குவது எப்படி?" என்று ஒருவர் பேசத் தொடங்கினால் ஊரே சிரிக்கும். இருந்தாலும் இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். சென்ற குளிர்காலத்தில் லண்டன் புறநகர் ஒன்றிலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்பே அதற்குக் காரணம்.

"மாமா, பாய்லர்லே அழுத்தம் நிக்கவே மாட்டேங்குது. ராத்திரி தண்ணி நிரப்பினா காலையிலே முள் கீழே கிடக்கு. பாய்லர் தானா அணைஞ்சு போயிடுது. கைக்குழந்தையை வச்சுக்கிட்டு இந்தக் குளிர்லே என்ன செய்யறது?" என்றாள் என் தங்கை மகள்.

பழுது பார்க்க வந்தவர் இரண்டு இணைப்புகளை இறுக்கிவிட்டு, "குறையும்போதெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டாராம். முதலில் வாரம் ஒருமுறை நிரப்பினார்கள். பிறகு நாள்தோறும் நிரப்பும்படி ஆயிற்று. ஆனால் வீட்டுத் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்படியானால் நீர் எங்கே போயிற்று? இதற்கு விடை காண உங்கள் பள்ளி இயற்பியலே போதும்.

நம் பாய்லரும் அவர்கள் பாய்லரும்

பழைய வீடுகளில் செம்பாலான வெந்நீர் பாய்லரைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கரி எரியும் குழாய். அதைச் சுற்றி நீர். மேலே நீர் ஊற்றும் வாய். நீர் சூடாகி விரிந்தால் உள்ளே நீர்மட்டம் சற்று உயரும். வாய் திறந்திருப்பதால் அழுத்தம் ஏறுவதில்லை.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் வேறு வகை. எரிவாயுச் சுடரில் நீர் சூடேறுகிறது. ஒரு சிறு பம்பு அந்த நீரைக் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை இழந்த நீர் மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. அதே நீர் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. பெயர்தான் கொதிகலன், இந்த நீர் கொதிப்பதில்லை. 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடானாலே போதும்.

இது மூடிய சுற்று. இதில் நீரை ஓர் அழுத்தத்தில் நிரப்பி வைக்கிறார்கள். அழுத்தத்தை அளக்கும் அலகு 'பார்'. ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். அதாவது சுமார் 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். மாடி அறையில் உள்ள ரேடியேட்டர் வரை நீர் நிறைந்து நிற்கவும், காற்று உள்ளே புகாமல் இருக்கவும், நீர் குளிர்ந்திருக்கும்போது அளவியின் முள் 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். மிகவும் குறைந்தால் கொதிகலன் தானாகவே அணைந்துவிடும். கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது.

இரண்டு லிட்டருக்கு இடம் எங்கே?

சுற்றில் 100 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 102.2 லிட்டராக விரியும். இந்த 2.2 லிட்டர் எங்கே போகும்? உலோகக் குழாய்களும் விரியும். ஆனால் நீரைவிட மிகக் குறைவாகவே விரியும். நீரை அமுக்கிச் சுருக்குவதோ மிகக் கடினம்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஊசி இல்லாத புதிய சிரிஞ்ச் ஒன்றில் காற்றுக்குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துத் தண்டை அழுத்துங்கள். அசையவே அசையாது. இப்போது பாதி நீரும் பாதி காற்றுமாக வைத்து அழுத்துங்கள். தண்டு உள்ளே போகும். கையை எடுத்தால் திரும்பி வரும். காற்று ஒரு மெத்தையைப் போல் வேலை செய்கிறது.

மூடிய கொதிகலனிலும் இந்த மெத்தை உண்டு. அதற்கு விரிவுக் கலம் என்று பெயர். ஓர் இரும்புப் பாத்திரம்; அதன் நடுவே ஒரு ரப்பர்ச் சவ்வு. ஒருபுறம் சுற்றின் நீர். மறுபுறம் அடைக்கப்பட்ட காற்று அல்லது நைட்ரஜன். நீர் விரியும்போது சவ்வு வளைந்து வாயுவை அமுக்கி இடம் கொடுக்கிறது. நீர் சுருங்கும்போது வாயு அதைத் திருப்பித் தள்ளுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாறாத வெப்பநிலையில் ஒரு வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வரும் தொகை மாறாது என்று இராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்டார். இந்த விதியில் அளவி காட்டும் எண்ணை அப்படியே போடக்கூடாது. வளிமண்டல அழுத்தமான 1 பாரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தேர்வில் பலர் தவறுவது இங்கேதான்.

நல்ல நிலையில் உள்ள கலத்தில், நீர் குளிர்ந்திருக்கும்போது 8 லிட்டர் வாயு இருப்பதாகக் கொள்வோம். முள் 1 பார் காட்டுகிறது. மொத்த அழுத்தம் 2 பார். நீர் 2.2 லிட்டர் விரிந்தால் வாயு 5.8 லிட்டராகச் சுருங்கும். அழுத்தம் 2 × 8 ÷ 5.8, அதாவது சுமார் 2.76 பார். முள் ஏறக்குறைய 1.8 காட்டும். அச்சப்பட ஒன்றுமில்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல வாயு சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். 2 லிட்டர்தான் மிச்சம் இருக்கிறது என்போம். இப்போதும் குளிர்ந்த நிலையில் முள் 1 பாரையே காட்டுகிறது. பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் சூடேற்றியதும் என்ன ஆகிறது? வாயு 1 லிட்டராகச் சுருங்கும்போதே மொத்த அழுத்தம் 4 பார் ஆகிவிடும்; முள் 3-ஐத் தொடும். இவ்வகைக் கொதிகலன்களில் காப்பு வால்வு பொதுவாகத் திறப்பது அந்த 3 பாரில்தான். மீதி 1.2 லிட்டர் நீர், சுவரைத் துளைத்துச் செல்லும் செம்புக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே கொட்டிவிடும்!

இரவில் கொதிகலன் ஓய்ந்து நீர் குளிர்ந்து சுருங்குகிறது. 1.2 லிட்டர் குறைந்துவிட்டதால் வாயு 3.2 லிட்டராக விரிகிறது. அழுத்தம் 4 ÷ 3.2 = 1.25 பார். முள் காட்டுவது வெறும் 0.25. காலையில் கொதிகலன் அணைந்து கிடக்கிறது. மீண்டும் நிரப்பினால் மீண்டும் இதே கதைதான்.

முள் சொல்லும் செய்தி

"நிரப்பாதே, முதலில் முள்ளைப் பார்த்து எழுதி வை" என்றேன். சூடேறுமுன், சூடேறிய பின், மறுநாள் காலை என மூன்று வேளையும் படம் எடுத்து அனுப்பினாள்: 1.1, 2.9, 0.3. வெளியே செம்புக் குழாயின் கீழே வைத்த கிண்ணம் நிறைந்திருந்தது. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் குழாயில் சொட்டும் நீர் வேறு. எரிவாயு எரிவதால் உண்டாகும் நீராவி குளிர்ந்து அங்கே வடிகிறது. அதைக் கண்டு ஏமாறக்கூடாது.

சூட்டில் முள் தாவி ஏறிக் குளிரில் விழுந்தால், விரிவுக் கலத்தைச் சந்தேகிக்க வேண்டும். கொதிகலனை அணைத்து நீர் முழுதும் குளிர்ந்த பிறகும் முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், கசிவைத் தேட வேண்டும். தரை ஈரமில்லை என்பதால் கசிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரில் இதற்கு நல்ல சான்று உண்டு. மண்பானையில் நீரை வைத்தால் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகிவிடும். தரை காய்ந்திருக்கும், பானையில் நீர் குறையும். கண்ணாடிபோன்ற மெருகு பூசிச் சூளையில் சுட்ட பீங்கான் ஜாடியில் அப்படி நடப்பதில்லை. சூடான குழாய் இணைப்பில் நீர் நூலிழையாகக் கசிந்தாலும் அங்கேயே ஆவியாகிவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்த உப்புத்தடம் ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும்.

நிரப்புவது மருந்தாகாது

நிரப்பிக்கொண்டே இருந்தால் என்ன தவறு? சுற்றிவரும் பழைய நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். அதன்பின் துரு ஏறுவது மிகவும் குறையும். புதுநீர் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. இரும்பு அரிக்கப்பட்டுக் கருஞ்சேறாகப் படிகிறது. லண்டன் நீர் கடின நீர். எனவே சுண்ணாம்புப் படிவும் சேரும். ஒரு நோயை மறைக்கப்போய் மற்றொரு நோயை வளர்த்ததாகும்.

இதைவிடப் பெரிய தவறு, சொட்டுகிறதே என்று காப்பு வால்வின் குழாயை அடைப்பது. வால்வு குற்றவாளி அன்று; அது காவற்காரன். பாயிலிடம் உதவியாளராக இருந்த டெனி பாப்பின் 1679-ல் செய்துகாட்டிய அழுத்தக் கலத்தின் வழிவந்ததுதான் உங்கள் வீட்டுக் குக்கர். அதன் காப்பு வால்வை அடைக்க எந்த அம்மாவாவது சம்மதிப்பாரா?

பிரிட்டனில் எரிவாயுக் கருவியைத் திறந்து பழுதுபார்க்கப் பதிவு பெற்றவர்க்கே உரிமை உண்டு. அப்படி ஒருவரை அழைத்து, மூன்று எண்களையும் காட்டினாள். அவர் சுற்றின் நீரழுத்தத்தைச் சுழியாக்கி, டயர்க் காற்றை அளக்கும் அளவியால் கலத்தைச் சோதித்தார். அழுத்தம் ஏறக்குறைய இல்லவே இல்லை! வால்வில் காற்றுதான் வந்தது; நீர் வந்திருந்தால் சவ்வு கிழிந்ததாகப் பொருள், கலத்தையே மாற்றியிருக்க வேண்டும். கைப்பம்பால் காற்றடித்து, அழுக்குச் சிக்கியிருந்த காப்பு வால்வையும் மாற்றினார். இப்போது குளிரில் 1.2, சூட்டில் 1.8. குழந்தை இரவெல்லாம் உறங்குகிறதாம்.

குறைவதை நிரப்புவது எளிது. ஏன் குறைகிறது என்று அளந்து பார்ப்பதே அறிவியல்.

நீங்கள் செய்து பாருங்கள்: மேலே சொன்ன கணக்கில் கலத்தின் வாயு 4 லிட்டராக இருந்தால், சூடேறியதும் முள் எவ்வளவு காட்டும்? காப்பு வால்வு திறக்குமா? நீர் 80 டிகிரி வரை சூடாகி 2.9 லிட்டர் விரிந்தால் என்ன ஆகும்?