வகுப்பறைக் கருவிகள்: கண்காணிப்பா? கவனிப்பா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

"புரிகிறதா?" வகுப்பறையில் ஒரு நாளில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். உடனே வகுப்பே ஒன்றாகத் தலையாட்டும். முன் வரிசையில் இருப்பவர் விளங்கியதால் ஆட்டுவார். பின் வரிசையில் இருப்பவர் முன் வரிசை ஆட்டியதால் ஆட்டுவார். ஆசிரியரும் அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவார். அவர்மேல் குறை சொல்ல இயலாது. அறுபது தலைகள் ஆடும்போது அவற்றுள் எத்தனை தலைக்குள் பாடம் சென்றது என்று எவரால் காண முடியும்? அதைக் காட்டும் கருவியைச் செய்ய அறிஞர்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக முயன்று வருகின்றனர். அம்முயற்சிகளையும், அவற்றுள் நம் போன்ற அரசுக் கல்லூரிக்கு ஆவது எது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் பொறிகள்

அமெரிக்காவில், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் சிட்னி பிரெஸ்ஸி 1920களில் தட்டச்சுப் பொறி போன்ற ஒரு சிறு கருவியை அமைத்தார். அதன் சாளரத்தில் ஒரு வினா தோன்றும். நான்கு விசைகளுள் ஒன்றை மாணவர் அழுத்த வேண்டும். தேர்வு நிலையில் வைத்தால், எந்த விசையை அழுத்தினாலும் அடுத்த வினா வரும். சரியான விடைகளைப் பொறி எண்ணிக்கொள்ளும். கற்பிக்கும் நிலையில் வைத்தால், சரியான விசையை அழுத்தும் வரை வினா நகராது. 1926இல் இதைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார்.

1953இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. எஃப். ஸ்கின்னர் தம் மகள் பயின்ற கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்றார். இரண்டு குறைகள் அவர் கண்ணில் பட்டன. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் செல்லும்படி ஆயிற்று. தாம் போட்ட கணக்கு சரியா தவறா என்பதை அவர்கள் அன்றைக்கே அறிய முடியவில்லை. இவற்றைப் போக்க அவர் அமைத்த கற்பிக்கும் பொறி, பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் மாணவரை விடை எழுதச் செய்து, உடனுக்குடன் சரியான விடையைக் காட்டியது.

எனினும் இவ்விரு பொறிகளும் தனித்தனி மாணவருக்கு உதவியவையே. பாடம் நடக்கும்போதே வகுப்பு எங்கே இடறுகிறது என்று ஆசிரியருக்கு அறிவிப்பது அவற்றின் வேலையாக இருக்கவில்லை.

பிளேட்டோ என்னும் கணிப்பொறி

1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் என்பார் 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறிக் கல்வி முறையைத் தொடங்கினார். மாணவர்கள் திரைமுன் அமர்ந்து விடையளிக்க, மையக் கணிப்பொறி அவ்விடைகளைப் பதிந்துவைத்தது. எந்த வினாவில் மாணவர் தடுமாறினர் என்பதைப் பாடம் எழுதியவர் பின்னர் எடுத்துப் பார்த்துப் பாடத்தையே திருத்தலாம். தவறு மாணவருடையது என்று முடிவு கட்டாமல், பாடத்திலும் தேடுவதற்கு அது வழி செய்தது.

இயற்பியல் மாணவர்க்கு ஒரு சுவையான செய்தி. திரையில் படத்தை நிலைநிறுத்த அந்நாளில் விலையுயர்ந்த நினைவகம் வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க பிட்சரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் 1964இல் பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தனர். அதில் வாயு நிறைந்த ஒவ்வொரு சிறு புள்ளியும் தான் ஒளிர்ந்ததா அணைந்ததா என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். 1972இல் வந்த நான்காம் பிளேட்டோவில் அத்திரை இருந்தது; விரலால் தொட்டு விடையளிக்கும் வசதியும் இருந்தது. பிற்காலத்தில் வீடுகளுக்கு வந்த பிளாஸ்மா தொலைக்காட்சிக்கு வேர் ஒரு வகுப்பறைத் தேவை என்றால் வியப்பாக இல்லையா?

தொலைக்காட்சி என்றதும் நம் மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி நினைவுக்கு வரும். 2019இல் தொடங்கப்பட்ட அது, கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது எங்கள் ஊர் வரை பாடத்தைக் கொண்டுவந்தது. அது பெரும் உதவி. ஆனால் தொலைக்காட்சிக்கு வாய் உண்டு, காது இல்லை. கேட்பவர் விழித்தாலும் விழிக்காவிட்டாலும் பாடம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஹார்வர்டில் ஒரு கேள்வி

எரிக் மாசூர் என்னும் இயற்பியல் பேராசிரியர் 1984இல் ஹார்வர்டில் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளையும் போட்டனர். ஹலூன், ஹெஸ்டெனஸ் ஆகிய இருவர் 1985இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பின்னர் அவர் படித்தார். கணக்குப் போடத் தெரிந்த மாணவர் பலருக்கும் நியூட்டன் விதிகளின் அடிப்படை விளங்கவில்லை என்றது அவ்வாய்வு. தம் மாணவர்க்கு அப்படி இராது என்று நம்பி அதே தேர்வை அவர் வைத்தார். அப்போது ஒரு மாணவி, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம்! முடிவும் அவர் நம்பிக்கைக்கு மாறாகவே வந்தது.

அத்தகைய வினாவுக்கு நானே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஒரு லாரியும் ஓர் ஆட்டோவும் நேருக்கு நேர் மோதுகின்றன. எதன்மேல் விசை அதிகம்? ஆட்டோவின்மேல் என்றே நம்மில் பலர் சொல்வோம். மூன்றாம் விதிப்படி இரண்டின்மேலும் விசை சமம். ஆட்டோவின் நிறை குறைவு, ஆதலால் அதே விசை அதற்கு மிகுந்த முடுக்கத்தைத் தருகிறது, அது நொறுங்குகிறது. விதியை ஒப்பிக்கத் தெரிந்தவரும் இங்கே தடுமாறுவது உண்டு.

1991 முதல் மாசூர் தம் முறையை மாற்றிக்கொண்டார். சிறிது நேரம் விளக்குவார். பிறகு இத்தகைய வினா ஒன்றைக் கேட்பார். ஒவ்வொருவரும் தாமே சிந்தித்து விடையைத் தெரிவிக்க வேண்டும். சரியான விடை நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவாயின் மீண்டும் விளக்குவார். எழுபதுக்கும் மேலாயின் சுருக்கமாக விளக்கி அடுத்ததற்குச் செல்வார். இடைப்பட்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மறுபடி விடையளிக்கச் சொல்வார். நேற்றுப் புரிந்துகொண்ட தோழன், இன்று தடுமாறும் தோழனின் இடத்தை ஆசிரியரை விட நன்கு அறிவான் அல்லவா?

விடை தெரிவிக்கக் 'கிளிக்கர்' எனப்படும் சிறு கருவிகள் அங்கே வந்தன. பொத்தானை அழுத்தினால் எத்தனை பேர் எந்த விடை என்று திரையில் தெரியும். ஆனால் தொடக்கத்தில் அவர் பயன்படுத்தியவை வெறும் அட்டைகள்! கிளிக்கருக்கும் அட்டைக்கும் கற்றலில் வேறுபாடு உண்டா என்று கனடாவில் நத்தானியல் லாஸ்ரி ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயன் தந்தது கேட்கும் முறையே.

என் போன்றோர்க்கு இது ஏன் வேண்டும்?

என் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரிப் படியேறியவர் எவருமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து, இங்கே ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுத்தவன் நான். வகுப்பில் விளங்காததை வீட்டில் போய்க் கேட்க எனக்கு ஆளில்லை. தனிப் பயிற்சிக்குப் பணமும் இல்லை. ஆகவே, பாடம் நடக்கும் அந்த ஐம்பது நிமிடமே எனக்குக் கிடைக்கும் முழு வாய்ப்பு. எழுந்து நின்று கேட்கலாமே என்பீர்கள். எழுந்து நிற்பதற்கு முன், கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. அகமதிப்பீட்டுத் தேர்வு வந்து, விடைத்தாள் கைக்கு வரும்போது மூன்று பாடங்கள் கடந்துவிடுகின்றன. அரியர் என்பது தேர்வறையில் பிறப்பதில்லை. தலையாட்டிய அன்றே பிறந்துவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை

கருவி என்றால் எல்லாம் நன்மை என்று கொள்ளலாகாது. 2018இல் சீனாவின் ஹாங்சோ நகரப் பள்ளியொன்றில் மாணவர் முகங்களை 30 வினாடிக்கு ஒருமுறை படம்பிடித்து, அவர்கள் மகிழ்ந்திருக்கின்றனரா, சலித்திருக்கின்றனரா என்று கணிக்கும் கேமராக்கள் வைக்கப்பட்டன. முகம் பாடத்தை நோக்க, மனம் வேறெங்கோ இருக்கலாம். கண்மூடிச் சிந்திப்பவனும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், கல்விக்கூடங்களில் உணர்ச்சியைக் கணிக்கும் இத்தகைய முறைகளைப் பொதுவாகத் தடை செய்துள்ளது. அத்தடை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

கண்காணிப்பு வேறு, கவனிப்பு வேறு. மாணவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பது கண்காணிப்பு. அவனுக்கு என்ன விளங்கவில்லை என்று கேட்பது கவனிப்பு. முன்னதில் அவன் நடிக்கக் கற்றுக்கொள்வான். பின்னதில் பாடம் கற்றுக்கொள்வான்.

நாம் செய்யக்கூடியது

தினசரி நாட்காட்டியின் அட்டை வீட்டுக்கு வீடு கிடைக்கும். அதை நான்காக வெட்டி அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதிக்கொள்வோம். பாடத்தின் நடுவே ஒரு வினாவைப் பேராசிரியர் கேட்க, ஒரே நேரத்தில் அனைவரும் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்போம். ஆசிரியருக்கு வகுப்பு முழுவதும் தெரியும். பின்னால் இருப்பவருக்கு நம் விடை தெரியாது. ஆகவே வெட்கமும் இல்லை, பார்த்தெழுதலும் இல்லை. எண்ணிக்கையைப் பதிந்துவைக்க விரும்பினால், அச்சிட்ட குறியீட்டு அட்டைகளை ஆசிரியரின் ஒரே கைப்பேசி படித்துவிடும் முறையும் இன்று உண்டு. மாணவர் எவரிடமும் கைப்பேசி இருக்க வேண்டியதில்லை.

இரண்டே நிபந்தனைகள்: தவறான அட்டைக்கு மதிப்பெண் குறைக்கலாகாது, தவறான அட்டையைக் கண்டு நாம் சிரிக்கலாகாது. முதலாவது பேராசிரியப் பெருமக்களின் கையில். இரண்டாவது நம் கையில்.

பாடம் முழுவதற்கும் இது வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வகுப்புக்கு ஒரு வினா போதும். ஐந்தே நிமிடம் செலவாகும். அந்த ஐந்து நிமிடத்தில் பேசத் தயங்கும் மாணவனும் தன் விடையைச் சொல்லிவிடுகிறான். ஆசிரியரும் அதை அன்றே அறிந்துகொள்கிறார். வரும் பருவத்தில் ஒரே ஒரு தாளிலேனும் இதனைச் செய்து பார்க்குமாறு நம் துறைப் பேராசிரியர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அட்டைகளை வெட்டித் தரும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.