நாண் என்றால் இழுபட வேண்டும்

ஞாயிறு காலை ஷட்டில் ஆடப் போன பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் திரும்பி வந்தார். "பின்னாலேருந்து யாரோ உதைச்ச மாதிரி டப்புனு ஒரு சத்தம் சார். திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல." குதிகாலுக்குச் சற்று மேலே விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்பட்டது. சாயங்காலத்துக்குள் எங்கள் செம்பாக்கம் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டார்கள்.

நம்பிக்கை: "கால் நரம்பு அறுந்துபோச்சு."

உண்மை: நரம்பு செய்தி கடத்துவது. இங்கே அறுந்தது தசைநாண். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. எலும்பையும் எலும்பையும் பிணைப்பதைத்தான் 'ஜவ்வு' என்கிறோம். மருத்துவர் அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையை அமுக்கினார். நாண் முழுசாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அவருக்கு அசையவில்லை. ஸ்கேன் எடுக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது.

நம்பிக்கை: "ஆட்டுக்கால் சூப் குடி, ஒட்டிக்கும்."

உண்மை: சூப்பிலும் நாணிலும் கொலாஜன் என்ற புரதம் இருப்பது நிஜம். அந்தக் கொலாஜன் மூன்று இழை சேர்த்து முறுக்கிய கயிறு என்று கண்டறிந்தவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். எங்கள் பக்கத்துத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அரைமணி நேரத்தில் கிண்டி. அங்கே சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் அதை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே படத்துக்கு அவர்களுக்கு உதவியவற்றில் ஒன்று கங்காரு வாலின் தசைநாண். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் அரங்கத்துக்கே 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்றுதான் பெயர். ஆனால் குடித்த கயிறு, கயிறாகவே குதிகாலுக்குப் போய்ச் சேராது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் பிரித்துவிடும். சூப் சாப்பாடுதான், பசை அல்ல.

நம்பிக்கை: "தோல் மாதிரி அதுவும் புதுசா வளர்ந்துடும்."

உண்மை: 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14ஐ அடையாளமாக வைத்து, டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் ஒன்றைக் காட்டினார்கள். குதிகால் நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. அறுந்தால் ஆறும், ஆனால் பழைய நெசவு திரும்பாது, தழும்புதான் இணைக்கும்.

நம்பிக்கை: "இப்பல்லாம் லேப்லயே செல்லை வளர்த்துப் புது நாண் செஞ்சு வெச்சுடறாங்க."

உண்மை: பாதி சரி. வளர்க்கிறார்கள்; நோயாளிக்கு வைக்கும் நிலை இன்னும் வரவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்த விதத்தைப் பாருங்கள். சிறு கிண்ணத்தில் இரண்டு பட்டு நூல் துண்டுகளை இடைவெளி விட்டு ஊசியால் குத்திவைத்தார்கள். நடுவே, கோழிக் கருவின் நாண் செல்கள் கலந்த, ஃபைப்ரின் என்ற புரதக் கூழ். அகலமாகப் பரவிக் கிடந்த கூழைச் செல்கள் சில நாட்களில் சுருக்கி, இரண்டு முனைகளுக்கும் நடுவே விறைத்த நூலாக்கின. இழுவை இருந்த திசையிலேயே கொலாஜன் இழைகளும் வரிசையாக அமைந்தன. பிறகு மனித நாண் செல்களும் இப்படி இழை கட்டின. இழுவையைத் தளர்த்தினாலோ, நாணுக்குரிய மரபணுக்களின் வேலை மந்தமாகிவிட்டது. 2022இல் ஆக்ஸ்ஃபோர்டில் மனித உருவ ரோபோவின் தோளில் செல்களை ஏற்றி அசைத்துப் பார்த்ததும் இந்த இழுவையைக் கொடுக்கத்தான். ஆனால் ஓடும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு தாங்கும் நாணின் வலிமை இந்த நூல்களுக்குக் கிடையாது.

நம்பிக்கை: "ஸ்டெம் செல் ஊசி ஒண்ணு போட்டா போதும்."

உண்மை: பல இடங்களில் அந்தப் பெயரில் பேசப்படுவது பி.ஆர்.பி. ஊசி. அது நம் ரத்தத்திலிருந்தே பிரித்த தட்டணுக்கள். ஸ்டெம் செல் அல்ல. நாள்பட்ட குதிகால் நாண் வலிக்கு 240 பேரிடம் பிரிட்டனில் சோதித்தார்கள். மருந்தில்லாத போலி ஊசியைவிட அது மேலாக இல்லை என்று 2021இல் முடிவு வந்தது. ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டி.

நம்பிக்கை: "ஆறு மாசம் காலை அசைக்கவே கூடாது."

உண்மை: அறுந்த புதிதில் கட்டு வேண்டும், அறுவை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். அதன் பிறகு, அவர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றத்தான் வேண்டும். கிண்ணத்தில் இழைகளை வரிசைப்படுத்திய அந்த இழுவையேதான் காலிலும் தழும்பை ஒழுங்காக அடுக்குகிறது. பூட்டாத வில்லில் தொங்கும் நாண் வெறும் கயிறுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் இப்போது காலையில் வாசல்படி விளிம்பில் நின்று, கேட் கம்பியைப் பிடித்தபடி குதிகாலை ஏற்றி இறக்குகிறார். பதினைந்து வரை எண்ணுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கிறது. முடித்ததும் சூப் குடிக்கிறார். ருசிக்காகத்தானாம்.