பாய்லர் பெயின்ட்டை புல்லட்டுக்கு அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, அப்பா 1989-ல் வாங்கிய புல்லட் 350 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம், அதிகம் போனால் தில்லை நகர். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. பெண்ட் பைப்பிலும் சைலன்சரிலும் குரோம் போய்த் துரு ஏறியதால் மெக்கானிக் ரெட் ஆக்சைடு கொடுத்து, மேலே சில்வர் பெயின்ட் அடித்துத் தந்தார். மூன்றே மாதத்தில் எஞ்சின் பக்கம் கருகி உரிந்துவிட்டது. துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருக்கும் என் மைத்துனர், "பாய்லருக்கு அடிக்கிற பெயின்ட் அரை டப்பா மீதி இருக்கு மாமா, தர்றேன்" என்கிறார். அடிக்கலாமா? இல்லை, மறுபடி குரோமா, பவுடர் கோட்டிங்கா, செராமிக்கா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: அடிக்கலாம். ஆனால் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மூடியைத் திறங்கள்.

வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் ஒரு ஸ்பிரே டப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். நீங்கள் இருப்பது திருச்சி. 1965 முதல் திருவெறும்பூரில் பெல் நிறுவனம் கொதிகலன் செய்கிறது. அதை நம்பித் துவாக்குடி வரை வளர்ந்த பட்டறைகளில் வெப்பம் தாங்கும் பெயின்ட் தினசரிச் சரக்கு. ஆகவே உங்கள் மைத்துனர் சொல்வது வெறும் பேச்சல்ல. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: பாய்லர் பெயின்ட் என்று ஒரே பெயின்ட் கிடையாது. வெப்பம் தாங்கும் அலுமினியப் பெயின்ட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 13183. அதில் மூன்று கிரேடு. முதல் கிரேடு 600 டிகிரி செல்சியஸ் வரை நிற்கும், இரண்டாவது 400 வரை, மூன்றாவது 200 வரைதான். கொதிகலனின் வெளிப்பாகங்கள் எல்லாம் தணலாகக் கொதிப்பதில்லை. பட்டறையில் மிஞ்சிய அரை டப்பா மூன்றாவது கிரேடாக இருந்தால் சைலன்சரின் வால் பக்கத்துக்கு ஆகும், ஹெட்டை ஒட்டிய பெண்ட் பைப்புக்கு ஆகாது.

ஏன் என்றால், காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் ஹெட்டை விட்டு வெளியேறும் புகை 600 டிகிரியைத் தாண்டிப் போகக்கூடியது. குழாயின் வெளிப்பக்கத்தில் காற்று படுவதால் அங்கே அவ்வளவு இருக்காது. என்றாலும் முதல் ஒரு ஜாண் நீளம் சுமாராக 300, 400 என்று ஏறும். வால் பக்கம் போகப் போக 200-க்குள் அடங்கிவிடும். ஒரே குழாய்தான், ஆனால் இரண்டு தட்பவெப்பம். எனவே பெண்ட் பைப்புக்கு முதல் கிரேடுதான் வேண்டும். சைலன்சருக்கும் அதையே அடித்தால் தப்பில்லை.

உங்கள் பழைய பெயின்ட் உரிந்ததற்கு வருகிறேன். அந்த சில்வர் பெயின்ட் எப்படியும் கருகியிருக்கும். ஆனால் அதற்கும் முன்னால் கருகியது அடியில் இருந்த ரெட் ஆக்சைடு. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அருமையான சரக்கு அது. 150 டிகிரி தாண்டினால் அதிலுள்ள பிசின் பொடியாகிவிடும், மேலே எதை அடித்திருந்தாலும் கூடவே உதிரும். வெப்பம் தாங்கும் பெயின்ட்டில் இருப்பது சிலிக்கோன் பிசின். அது நேராக வெறும் இரும்பைப் பிடிக்க வேண்டும். சூடு ஏறியதும் பிசினின் ஒரு பகுதி எரிந்துபோக, அலுமினியத் துகள்கள் இரும்போடு ஒட்டி நின்றுவிடும். நடுவில் பிரைமரோ, பட்டியோ, பழைய குரோமோ இருக்கக் கூடாது. அதே டப்பாவின் கம்பெனி தனியாக வெப்பம் தாங்கும் பிரைமர் கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு.

பெயின்ட் வாங்குகிற காசைவிட சுரண்டுகிற காசு அதிகமாகும், ஆகட்டும். அரியமங்கலம், துவாக்குடிப் பக்கம் சாண்ட் பிளாஸ்டிங் செய்கிற இடத்தில் கொடுத்து, குழாய் சாம்பல் நிற வெறும் இரும்பாக வரும்வரை அடிக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் வாயையும் வாலையும் துணியால் இறுக்கி அடைத்துவிடுங்கள், உள்ளே மணல் போனால் எடுப்பது பெரும்பாடு. அது முடியாவிட்டால் கிரைண்டரில் வயர் பிரஷ், பிறகு 80, 120 எமரி. மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. கடைசியில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தபின் வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் முதல் சூட்டிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். சுரண்டிய அன்றே அடித்துவிட வேண்டும். ஐப்பசி மழை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஈரக்காற்றில் வெறும் இரும்பு ஒரே இரவில் சிவந்துவிடும்.

டப்பாவை அடிவரை கலக்குங்கள், அலுமினியம் அடியில் தங்கிக் கிடக்கும். மெல்லிசாக இரண்டு கை போதும். நம் ஆட்களுக்குக் கெட்டியாக அடித்தால்தான் மனசு நிறையும், இங்கே அதுதான் கொப்புளத்துக்கு வழி.

அடித்துக் காய்ந்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காய்ந்திருக்கும், ஆனால் இறுகியிருக்காது. இந்தப் பெயின்ட் இறுக 200 டிகிரியாவது சூடு வேண்டும். அதுவரை ஒரு சொட்டு பெட்ரோல் பட்டாலே கரைந்து வரும். வண்டியில் மாட்டி, திறந்தவெளியில் ஐடிலில் பத்து நிமிடம் ஓட விட்டு, முழுக்க ஆற விட்டு, மறுபடி பத்து நிமிடம், மறுபடி ஆற விட்டு, பிறகு ஒரு இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி வாருங்கள். புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். வீட்டு நடையிலோ மூடிய ஷெட்டிலோ மட்டும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றம் கிடையாது.

இதில் ஒரு சிக்கல். ஐடிலில் சைலன்சரின் வால் 200 டிகிரியை எட்டாது, அதனால் அங்கே பெயின்ட் இறுகாமலே இருந்துவிடும். பவுடர் கோட்டிங் பட்டறையின் அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை போகும். கழற்றிய பைப்பையும் சைலன்சரையும், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சுத்தம் செய்து, அவர்கள் அன்றைய வேலை முடித்தபின் ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். முதலில் தயங்குவார்கள். பழகிய முகமாக இருந்தால் செய்வார்கள்.

மற்ற யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண பவுடர் கோட்டிங் அதே 200 டிகிரியில் உருகிப் படிந்த சரக்கு, பெண்ட் பைப்பில் நிற்காது. கால் சுடாமல் இருக்க மாட்டும் தகட்டுக்குத் தாராளமாகப் போடலாம். வேட்டியோடு பின்னால் உட்காருகிறவர்கள் உள்ள வீட்டில் அந்தத் தகடு அவசியமும்கூட. செராமிக் என்றால், கார் பாடி பளபளக்கக் கடைகளில் தடவுகிற செராமிக் கோட்டிங் வேறு, அடுப்பில் சுட்டு ஏற்றுகிற எக்ஸாஸ்ட் செராமிக் வேறு. இரண்டாவது உண்மையிலேயே நல்லது, ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அந்தச் செலவு அதிகம். மறு குரோம் பார்க்க அழகு, ஆனால் துருவில் குழி விழுந்த குழாயில் குழியும் சேர்ந்தே பளபளக்கும். அதோடு 300 டிகிரி தொட்டதும் நீலம் பாயும்.

நீலம் என்றதும் ஒன்று கேட்கிறேன். குரோம் இருந்த காலத்தில் உங்கள் பெண்ட் பைப் கருநீலமாகி இருந்ததா? கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் நீலம் இயல்பு. முழுக்கக் கருநீலம் என்றால் எஞ்சின் லீனாக ஓடியிருக்கலாம், அல்லது பாயின்ட் தேய்ந்து டைமிங் பின்தங்கியிருக்கலாம். கார்புரேட்டர் ஃபிளாஞ்சில் காற்று இழுத்தாலும் இதே கதைதான். அதைச் சரிசெய்யாமல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் எஞ்சின் அதை எரித்துக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. திருச்சியில் உப்புக் காற்று இல்லை. உங்கள் சைலன்சர் துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்துதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது வெளியே போய்விடும். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டிச் சத்திரம் போவதற்குள் சைலன்சர் முழுதாகச் சூடாவதில்லை. நீர் உள்ளேயே அடித்தையலில் தேங்கி அரிக்கிறது. வெளியே எதை அடித்தாலும் இது நிற்காது. வாரம் ஒருமுறை சமயபுரம் தாண்டி ஒரு நீள ஓட்டம் ஓட்டுங்கள். சைலன்சரின் அடியில் சின்னத் துளை இருந்தால் அது நீர் வடிய வைத்தது, ஓட்டை என்று நினைத்து யாரும் வெல்டு வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள். "டங்" என்று கேட்டால் செலவு செய்யலாம். "தொப்" என்று கேட்டால் அரை டப்பா பெயின்ட்டை மைத்துனரிடமே விட்டுவிட்டு வேறு சைலன்சர் பாருங்கள்.

கேள்வி: கடையில் ஸ்பிரே டப்பாவில் "1200 டிகிரி" என்று போட்டிருக்கிறது. 600-ஐ விட இது இரண்டு மடங்கு நல்லதுதானே?
(வாசகர், கே.கே. நகர்)

பதில்: 1200-க்குப் பின்னால் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும், பாருங்கள். ஃபாரன்ஹீட் என்றால் அது 649 டிகிரி செல்சியஸ்தான், அதாவது நம் முதல் கிரேடின் அளவே. எந்த அளவு என்றே போடாத டப்பாவை வாங்காதீர்கள்.

கேள்வி: பெண்ட் பைப்பில் வெள்ளைத் துணிப்பட்டை சுற்றினால் சூடு அடங்கும், பெயின்ட்டே வேண்டாம் என்கிறான் மகன். சரியா?
(வாசகர், பொன்மலை)

பதில்: பந்தயப் படங்களில் பார்த்திருப்பார். அந்தப் பட்டை சூட்டை அடக்கவில்லை, குழாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. கால் சுடாது, அதுவரை உண்மை. ஆனால் மழையிலும் வாட்டர் வாஷிலும் நனைந்த பட்டை ஈரத்தைக் குழாயோடு ஒட்டியே பிடித்துவைக்கும், சாதாரண இரும்புக் குழாய் அடியில் சத்தமில்லாமல் மெலிந்துவிடும். ஸ்டெயின்லெஸ் குழாய் என்றால் சுற்றட்டும். பட்டையோடு நிற்காமல் சைலன்சரையும் மாற்றிச் சத்தம் கூட்ட ஆசைப்பட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள்.