சிவப்புத் தேதிகள் வந்த வழி

பண்டிகைக் காலம் நெருங்கினால் விடுமுறை பற்றிய கடிதங்கள் குவியும். இந்த முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை லீவு வெள்ளைக்காரன் கொடுத்துட்டுப் போனது" என்று என் தாத்தா அடிக்கடி சொல்வார். உண்மையா?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: தாத்தா சொல்வதில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஞாயிறு ஓய்வுநாள் ஆனது கி.பி. 321-இல். நகரங்களில் நீதிமன்றங்களும் பட்டறைகளும் அன்று மூடியிருக்க வேண்டும் என்று ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு. விதைப்புக்கு ஏற்ற நாள் தவறிவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கிறிஸ்தவ ஐரோப்பாவில் வேரூன்றிய அந்த வழக்கம் ஆங்கிலேயரோடு கப்பலேறி இங்கே வந்தது. துரைமார்கள் தேவாலயத்துக்குப் போனார்கள், கச்சேரிகள் பூட்டிக் கிடந்தன. இது வரை தாத்தாவின் கணக்கு சரி.

ஆனால் பம்பாயின் பஞ்சாலைகளில் அந்த ஞாயிறு கிடையாது. மின்விளக்கு வராத காலம். பொழுது விடிந்ததும் சங்கு ஊதும், இருட்டும் வரை தறி ஓடும். வாரத்தில் இந்த நாள் ஓய்வு என்று உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. அந்த நிலையை மாற்றியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. மகாத்மா ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். ஆலையொன்றில் பண்டகக் காப்பாளராக வேலை பார்த்ததால் தொழிலாளர் படும் பாட்டை அருகிலிருந்து கண்டவர். 'தீனபந்து' என்ற மராத்தி இதழை நடத்தினார். 1884-இல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி, அன்றைய தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்கு ஒரு மனு எழுதினார். அதில் சுமார் 5,500 பேர் ஒப்பமிட்டார்கள். ஞாயிறு முழு ஓய்வு, நடுப்பகலில் அரை மணி இடைவேளை, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கூலி, வேலையில் காயம்பட்டால் உதவி ஆகியவை கோரிக்கைகள். இன்று படித்தால் இதற்குக்கூட மனு எழுத வேண்டியிருந்ததா என்று மனம் பதறுகிறது.

மனுவுக்குப் பலன் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1890 ஏப்ரல் 24 அன்று பம்பாயில் ஏறத்தாழ பத்தாயிரம் தொழிலாளர்கள் கூடினார்கள். மேடையேறிப் பேசியவர்களில் இரண்டு பெண் தொழிலாளர்களும் உண்டு. அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி ஆலை முதலாளிகள் சங்கம் வார விடுமுறைக்கு இணங்கியது. மராட்டியக் குடியானவர்கள் வழிபடும் கண்டோபாவுக்கும் ஞாயிறு உகந்த நாள் என்பதால், தொழிலாளர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. 1891-இல் தொழிற்சாலைச் சட்டமும் வார விடுமுறையை ஏற்றது. 1897-இல் பம்பாயைப் பிளேக் தாக்கியபோது நோயாளிகளுக்காக உழைத்த லோகண்டே, அதே நோய்க்குப் பலியானார். 2005-இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியானது. ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். எனவே, மாணவியே, வெள்ளைக்காரன் தனக்கு வைத்துக்கொண்ட ஞாயிற்றை நம்மவர்கள் கேட்டு வாங்கினார்கள் என்று தாத்தாவிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றை மாற்றிப் பார்த்த நாடும் பக்கத்திலேயே இருக்கிறது. 1966-இல் இலங்கை அரசு ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலவின் பிறைகளைப் பொறுத்து வரும் போயா நாட்களை வார ஓய்வாக்கியது. போயா ஒரு வாரம் செவ்வாயில் வரும், இன்னொரு வாரம் புதனில் வரும். வெளிநாட்டு வணிகத்தோடு இது ஒத்துப்போகவில்லை. 1971-இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் இன்றும் அங்கே பொது விடுமுறை.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் தேரோட்டத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுகிறார். பள்ளிக்கூடம் இல்லை, வங்கி மட்டும் இருக்கிறது. ஒரே ஊரில் ஏன் இந்த வித்தியாசம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: ஆட்சியரின் அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். இந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று ஒரு வாசகம் இருக்கும். உங்கள் கேள்விக்கு விடை அதுதான்.

செலாவணி முறி என்பது காசோலை, உண்டியல், கடன் உறுதிச்சீட்டு போன்றவை. இந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதியிருக்கிறது, அந்தத் தேதியோ விடுமுறை நாள். கொடுக்க வேண்டியவர் தவறியவராக மாட்டாரா? இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் எது பொது விடுமுறை என்று அந்தச் சட்டம் தன் 25-ஆம் பிரிவில் வரையறுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளும், அரசு தன் அரசிதழில் அறிவிக்கும் மற்ற நாட்களும் பொது விடுமுறை. இங்கிலாந்தில் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1871-இல், வங்கி விடுமுறைக்கென்றே சட்டம் வந்திருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நம் வங்கிகள் மூடுவது இந்தச் சட்டத்தின் பேரில்தான். கடன் சீட்டுக்காக எழுதிய ஒரு பிரிவு 140 ஆண்டுகளைத் தாண்டியும் நம் பண்டிகைப் பட்டியலைத் தாங்கி நிற்கிறது.

உள்ளூர் விடுமுறைக்கு அந்தச் சட்டபலம் இல்லை. பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகங்கள் மூடலாம். வங்கி மூடாது. அவசரப் பணிக்குக் கருவூலத்தில் சிலர் இருக்க வேண்டும். விட்ட நாளுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகிவிடும்.

சட்டபலம் குறைவுதான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவை இந்த உள்ளூர் விடுமுறைகளே. இவற்றை வரிசையாக எழுதினால் தமிழ்நாட்டின் வரலாறே கிடைத்துவிடும். நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்துக்கு உங்கள் ஊர், அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரை, ராஜராஜ சோழன் பிறந்த ஐப்பசிச் சதயத்துக்குத் தஞ்சாவூர், கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவுக்கு நாமக்கல். ஆகஸ்ட் 5-இல் பனிமய மாதாவுக்காகத் தூத்துக்குடியும், டிசம்பர் 3-இல் கோட்டாறு சவேரியாருக்காகக் கன்னியாகுமரியும், சந்தனக்கூட்டுக்காக நாகூரும் ஏர்வாடியும் ஓய்வெடுக்கின்றன. ஐயா வைகுண்டர் அவதார நாளுக்குத் தென்மாவட்டங்களில் விடுமுறை உண்டு. நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரிக்குத் தனிச்சிறப்பு. 1956-இல் அந்த நாளில்தான் அந்த மாவட்டம் நம்மோடு இணைந்தது. இணைப்புக்காகப் போராடிச் சிறை சென்றவர்களையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களையும் அந்த ஒரு நாள் விடுமுறை நினைவில் வைத்திருக்கிறது. கோயில், மாதா கோவில், தர்கா எல்லாம் ஒரே ஆட்சியரின் கையெழுத்தில் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கேள்வி: ஏப்ரல் 1 வங்கி விடுமுறைக்கும் சித்திரைக்கும் தொடர்பு உண்டா?
(மளிகை வியாபாரி, விருதுநகர்)

பதில்: இல்லை. அது ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள், அவ்வளவுதான். இந்திய அரசின் நிதியாண்டு முன்பு மே 1-இல் தொடங்கியது. லண்டன் கணக்கோடு பொருந்த வேண்டும் என்று 1867-இல் ஏப்ரல் 1-க்கு மாற்றினார்கள். விடுதலைக்குப் பிறகும் அது அப்படியே நிற்கிறது. ஜனவரிக்கு மாற்றலாமா என்று 2016-இல் சங்கர் ஆச்சார்யா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். மாற்றம் வரவில்லை.

கேள்வி: இந்தியாவில் மே தினம் முதலில் சென்னையில்தான் கொண்டாடப்பட்டதா?
(ஆட்டோ ஓட்டுநர், புதுவண்ணாரப்பேட்டை)

பதில்: ஆமாம், உங்கள் நகரத்தில்தான். அதுவும் கடற்கரையில்.

எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1 அன்று அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று நாள் கழித்துச் சிகாகோவின் ஹேமார்க்கெட் திடலில் குண்டு வெடித்தது. அதைக் காரணம் காட்டித் தொழிலாளர் தலைவர்களைத் தூக்கிலிட்டார்கள். 1889-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு மே 1-ஐத் தொழிலாளர் நாளாக்கியது.

அந்தச் செய்தியை 1923-இல் நம் கரைக்குக் கொண்டுவந்தவர் ம. சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர், அப்போது அறுபது வயதைத் தாண்டியவர். அன்று இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். செங்கொடி ஏறியது. மே தினத்தை அரசு விடுமுறையாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அன்றே எழுந்தது. காலண்டரில் அந்தத் தேதியை இன்று சிவப்பில் பார்க்கும்போது, முதலில் கேட்டவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இதற்கு மண் பக்குவப்பட்டே இருந்தது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கே பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் துணை நின்றார். பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்குச் சாப்பிடக்கூடப் போதிய நேரம் தரவில்லை என்ற குறை அந்தச் சங்கம் உருவாக ஒரு முக்கியக் காரணம். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை பின்னாளில் வந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்தச் சிலை 1959-இல் நிறுவப்பட்டது.

கேள்வி: தாள் கிழிக்கும் தினசரி காலண்டர் சிவகாசியில் ஆடி மாதமே தயாராகிவிடுமாமே?
(இல்லத்தரசி, பொள்ளாச்சி)

பதில்: ஆடியில் வருவது ஆல்பம்தான், காலண்டர் அல்ல. அடுத்த ஆண்டுக்கான சாமி படங்கள், இயற்கைக் காட்சிகள், அட்டை வடிவங்கள் எல்லாவற்றையும் தொகுத்து ஆடிப்பெருக்கு அன்று ஆல்பமாக வெளியிடுவார்கள். முகவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி ஆர்டர் பிடிப்பார்கள். "நம்ம கடை பேரு பெருசா வரணும்" என்பது எல்லாக் கடைக்காரரும் வைக்கும் முதல் நிபந்தனை.

சிவகாசிக்கு அச்சுத்தொழில் வந்தது தீப்பெட்டி வழியாக. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த எந்திரங்கள் பிறகு நாட்குறிப்பும் காலண்டரும் அச்சிட்டன. மழை குறைந்த கரிசல் பூமி என்பதால் காகிதமும் மையும் நன்றாகக் காய்ந்தன. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றையும் ஒரு சின்னத் தாளில் அடக்கிய அந்தக் கைவண்ணம், நம் வீட்டுச் சுவர்களுக்கென்றே உருவானது. மற்ற விவரங்களுக்குப் பஞ்சாங்கம் போதும். எந்தத் தேதிக்குச் சிவப்பு மை என்பதை மட்டும் அரசின் விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். ஞாயிறு, பண்டிகை என்றால்தான் எங்களுக்கு வேலை அதிகம். எங்களுக்கென்று லீவு எழுதியிருக்கிறதா?
(வாசகி, சென்னை)

பதில்: எழுதியிருக்கிறது, தங்கையே. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஞாயிறாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாள் இருந்தே ஆக வேண்டும்.

பண்டிகைக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும். 2021-இல் இன்னொரு உரிமையும் சேர்ந்தது. கடைப் பணியாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை போட்டிருக்க வேண்டும். கேரளம் 2018-இலேயே இதைச் செய்தது.

இவை காகிதத்தில் மட்டும் இருப்பதாக உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் புகார் தரலாம், சங்கம் வழியாகவும் தரலாம். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமே என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதனால் பொறுப்பை உங்கள் ஒருவர் தலையில் மட்டும் ஏற்ற நான் விரும்பவில்லை.

மற்ற வாசகர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகும்போது, புடவையைப் பிரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கல்லாவில் இருப்பவரிடம் ஏன் இல்லை என்று கேளுங்கள். பணியாளருக்கு எந்த நாள் விடுமுறை என்றும் சேர்த்தே கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும்.